மாரி அடிக்காமல் விட்ட இடம்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற சாலையில் பொன்னுரங்கத்தின் வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கீழே வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளில் எட்டுப் பையன்கள், மூன்று ஷிப்டு. ஒருவன் எழுந்து பல் தேய்க்கும்போது இன்னொருவன் பாயை விரிப்பான். மிக்சி ஓட்டுவதற்கே பொன்னுரங்கத்தின் மனைவி அலமு நேரம் பார்ப்பாள். அப்படிப்பட்ட வீட்டின் மாடியறையில் டிரம்ஸ் அடிக்கிற பெண் ஒருத்தி மூன்று வருடமாகக் குடியிருந்தாள், யாருடைய தூக்கமும் கெடவில்லை என்றால் நம்பத்தான் வேண்டும்.

அவள் அடித்தது எலக்ட்ரானிக் டிரம்ஸ். ஐந்து ரப்பர் தட்டுகள், காலுக்கு ஒரு பெடல், அடியில் கம்பெனி பார்சலில் வந்த ஸ்பாஞ்சு. அடித்தால் வெளியே விரலால் மேசையைத் தட்டுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். நிஜமான சத்தமெல்லாம் லேப்டாப்புக்குள் போய், ஹெட்போனில் அவள் காதுக்கு மட்டும் கேட்கும். முதல் தடவை மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்த அலமு, ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு ஈரத்துணியைப் போட்டது போட்டபடி கீழே ஓடினாள். "மேல்வூட்டுப் பொண்ணு தனியா உக்காந்துகினு ரப்பரைப் போட்டு அடிக்குது, தலையத் தலைய ஆட்டுது, சத்தமே வர்ல, இன்னா ஏதுன்னு போய்ப் பாரு" என்று புருஷனை விரட்டினாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தார்கள்.

அவள் பெயர் தங்கமாரி. கோவில்பட்டிக்காரி. பள்ளிக்கூட அணிவகுப்பில் சைடு டிரம் அடித்த கை. பிறகு ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனுக்கு வந்தாள். அவள் புருஷன் கோமதிநாயகம் சங்கரன்கோவில்காரன், கார் டேஷ்போர்டு செய்கிற கம்பெனியில் வேலை, கையில் ஒரு கிடார். இருவரும் தாமாகவே பார்த்துப் பிடித்துப்போய் வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். டிரம்ஸ் செட்டைப் பழைய சாமானாக வாங்கி வந்தது அவன்தான்.

நாயகத்தின் வேலையைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அவன் செய்த காரியம் விளங்காது. அவன் ரீவொர்க் பெஞ்சில் இருந்தான். லைனில் வரும் பாகத்தில் ஓரம் தூக்கியிருந்தால், கிளிப் உட்காராமல் போயிருந்தால், அது அவனிடம் வரும். தேய்த்து, அழுத்தி, சூடு காட்டிச் சரிசெய்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவான். தப்பு எங்கே நடந்தது, யார் கையில் நடந்தது என்று யாரிடமும் கேட்கமாட்டான். கேட்டால் லைன் நிற்கும். எட்டு வருடம் இதையே செய்த மனிதனுக்கு, உடைந்த எதைப் பார்த்தாலும் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிட வேண்டும் என்ற புத்தி ரத்தத்தில் ஊறிப்போகாமல் இருக்குமா?

அந்த வருடம், இரண்டாயிரத்துப் பதினான்கு, ஆடி மாதத்தில் மாரிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது வயிற்றில் இருந்த துடிப்பு நின்றுபோனது. யார் மேலும் குற்றமில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவள் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் நாயகமும் பொன்னுரங்கமும் போய் மண்ணில் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு வந்தார்கள். அவள் வீடு திரும்புவதற்குள் ஸ்கேன் பைல், சத்து மாத்திரை, அலமு கொடுத்த இரண்டு சின்னச் சட்டைகள் எல்லாவற்றையும் நாயகம் அப்புறப்படுத்தினான். பக்கெட்டு பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி அறையைக் கழுவிவிட்டான். அவள் அதைப்பற்றி வாயெடுத்த போதெல்லாம் பேச்சை மாற்றினான். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் முழுசாக நம்பினான், பாவி.

மாரி அழவில்லை. கத்தவில்லை. அவனுக்குக் காலை ஷிப்டு என்றால் இரண்டாம் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் வேலை முடிந்து வரும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள், அவள் வரும்போது அவன் தூங்கியிருப்பான். சோறு மூடி வைத்திருக்கும். துணி மடித்து வைத்திருக்கும். பேச்சு மட்டும் இருக்காது. ஐப்பசிப் பாதியில் அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். இவள் முதல் நாளே கொடுத்தாள். நவம்பர் இருபத்தெட்டாம் தேதிக்குக் கோவில்பட்டி டிக்கெட்டும் போட்டாள், ஒரே ஒரு டிக்கெட்.

"அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. நம் ஊரில் எவரும் அப்படி மொட்டையாகச் சொல்லிக்கொண்டு வாசல் தாண்டுவதில்லை. நாயகத்துக்கு அவள் திரும்பி வரமாட்டாள் என்று புரிந்தது. அவளைத் தடுக்க என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் புரியவில்லை.

அவன் புத்திக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான். சித்திரையில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். வார்த்தை கிடையாது, கிடாரும் டிரம்ஸும் மட்டும், நாலு நிமிஷம். ஆடிக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அவள் போவதற்குள் அதை முடித்துவிட்டால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்குத் தோன்றியது. "உனக்கு நேரம் கெடைக்கும்போது உன் பகுதியை மட்டும் அடிச்சு வையி" என்று செல்போனில் செய்தி அனுப்பினான். ஒரே வீட்டுக்குள் செய்தி அனுப்பிப் பேசுகிற நிலைமைக்கு வந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தபோது அவள் அடித்து வைத்திருந்தாள். காதில் மாட்டிக் கேட்டான். ஏதோ சரியில்லை. தாளக் கணக்குக்காக ஓடும் டிக் டிக் சத்தத்துக்கு ஒவ்வொரு அடியும் ஒரு நூல் பின்தங்கி விழுந்தது. திரையில் பார்த்தால் அடி விழ வேண்டிய கோடு ஓரிடத்தில், அவள் அடி கோட்டைத் தாண்டி. போதாக்குறைக்கு பாட்டின் நடுவில் எட்டு டிக் ஓடுகிற நேரம், எட்டுத் தட்டு இடத்தில், ஒன்றுமே அடிக்காமல் விட்டிருந்தாள். எட்டுத் தட்டு கழித்து மறுபடி ஆரம்பித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே கடிகாரம் மாதிரி அடித்த கை இப்படித் தளர்ந்துவிட்டதே என்று நினைத்தான். அவளிடம் சொன்னால் மனம் நொந்துபோவாள். சொல்லாமலே செய்துவிடலாம். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அவள் அடித்த ஒவ்வோர் அடியையும் பிடித்து இழுத்துக் கோட்டின் மேல் வைத்தான். வெறுமையாய்க் கிடந்த எட்டுத் தட்டுக்கு, பின்னால் வரும் பகுதியிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினான். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் அவனுக்கு ஓவர்டைம் இல்லை, அவளுக்கு வார விடுமுறை. ஹெட்போனை அவளிடம் நீட்டினான். அவள் நின்றபடியே கேட்டாள். பாதிப் பாட்டில் கழற்றினாள்.

"இது நான் அடிச்சது இல்லைல்லா?"

"நீ அடிச்சதுதான். கொஞ்சம் லேட்டா விழுந்திருந்துச்சு. நேர் பண்ணிட்டேன்."

"எது எது?"

"எல்லாமேதான்."

"நடுவுல ஒரு எடம் விட்டிருந்தேனே."

"அதையும் பின்னால இருந்து எடுத்துப் போட்டுட்டேன், மாரி. தெரியவே செய்யாது."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "தெரியவே செய்யாது" என்று அவன் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "எதையாச்சும் இருந்தது இருந்தபடி விட்டிருக்கீகளா நீங்க? வந்து பாக்கையில எல்லாம் தொடச்சுவிட்ட மாதிரி இருக்கணும் உங்களுக்கு. நான் எங்கிட்டு இருக்கேன் இதுல?"

ஹெட்போனை டிரம்ஸ் மேல் வைத்துவிட்டுக் கீழே அலமுவோடு காய் நறுக்கப் போய்விட்டாள். அன்று முழுக்க மேலே வரவில்லை.

நாயகத்துக்கு ரோஷம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டு நாள் கண் எரிய உட்கார்ந்து செய்தவனுக்கு இதுதானா என்று கறுவினான். தானாவது சரியாக வாசிக்கிறோம் என்று தனக்கே காட்டிக்கொள்ள, கிடாரைச் செருகி, டிக் டிக்கோடு ஒரே கம்பியை இருபது தடவை மீட்டிப் பதிவு செய்தான். திரையைப் பார்த்தான். இருபதும் கோட்டைத் தாண்டி விழுந்திருந்தன. மறுபடி மீட்டினான். மறுபடியும் அதே தூரம். அளந்து பார்த்தான். மயிரிழை வித்தியாசமில்லாமல் அதே தூரம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான். இது அவனுடைய பிழைப்பு, அவனுக்குத் தெரியாததா? ஒரு பாகம் ஒரு மில்லி தப்பி, அடுத்தது மூன்று மில்லி தப்பினால் ஆள் கையில் கோளாறு. இருபது பாகமும் ஒரே அளவு தப்பினால் ஆள் மேல் தப்பே இல்லை. பாகத்தைப் பிடித்து வைக்கும் அச்சில்தான் கோளாறு. மாரி அடித்ததை இப்படி ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்ததுமே தப்பு அவளுடையது என்று முடிவுகட்டிவிட்டுச் சரிசெய்ய இறங்கிவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்டர்நெட்டில் தேடியபோது, அமெச்சூர் பாட்டுக்காரர்கள் ஊர் ஊராக இதைப்பற்றிப் புலம்பியிருப்பது தெரிந்தது. லேட்டன்சி என்று பெயர். லேப்டாப் வந்த சத்தத்தை வந்ததும் அனுப்பாது. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் நிறையும்வரை நிற்பானே, அதுபோல் ஒரு கட்டுச் சத்தம் சேர்ந்த பிறகுதான் அனுப்பும். அந்த நேரம்தான் தாமதம். ஆள் குறைவாக ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்பு என்று அதற்குச் சொல்லலாம். அதற்கொரு தனி டிரைவர் மென்பொருள் போட வேண்டும். ரொம்பக் குறைத்தால் பெருக்குமாறு இழுத்த மாதிரி கரகரக்கும். மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினான். ஆன்டிவைரஸை நிறுத்தினான், டேட்டா கார்டைப் பிடுங்கினான், பின்னால் ஓடுகிற ஒவ்வொன்றையும் அணைத்தான். கடைசியில் கம்பியைத் தொட்டால் தொட்ட விரலிலேயே சத்தம் பிறப்பது போல் கேட்டது.

மாரியின் பழைய பதிவை அழிக்காமல் வைத்திருந்தான். அந்த மட்டுக்கும் புண்ணியம். அதில் எந்த அடியையும் தனியாகத் தொடாமல், முழுப் பதிவையும் அந்த ஒரே அளவு முன்னால் தள்ளினான். எல்லா அடியும் கோட்டின் மேல் உட்கார்ந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. எட்டுத் தட்டு வெறுமைக்குப் பிறகு அவள் திரும்ப நுழைகிற முதல் அடியும்கூட அச்சில் வார்த்த மாதிரி விழுந்திருந்தது. எண்ணிக்கொண்டே சும்மா இருந்திருக்கிறாள். தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். ஏன் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருவரும் வீட்டில் இருந்தார்கள். மாரி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாரி, ஒரு விசயம். நீ லேட்டா அடிக்கல. லேப்டாப்தான் லேட்டு. நான் பாக்காம உம்மேல பழி போட்டுட்டேன்."

அவள் திரும்பவில்லை. "எனக்குத் தெரியும். அடிச்சுக் கொஞ்சம் கழிச்சுத்தான் காதுல வந்துச்சு. காத நம்பாம கைய நம்பி அடிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீகளா?"

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான். "இப்ப தாமதமே இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா வாசிச்சாலும் பதியும். ஒருதரம் வாசிப்பமா? நீ அடிச்சத நான் தொடமாட்டேன். சத்தியமா."

அவள் மடித்த சேலையைக் கையில் வைத்தபடி யோசித்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒயரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு ஹெட்போன். அவன் பதிவைத் தொடக்கினான்.

அவள் அடித்தாள். அடி விழுந்த கணத்திலேயே அவன் காதில் விழுந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதாக நாயகத்துக்குத் தோன்றியது. கண் கலங்கியது. அவன் தடுமாறிய இடத்தில் அவள் அழுத்தி அடித்துத் தாங்கினாள். அவள் வேகமெடுக்கப் பார்த்தபோது இவன் பிடித்து நிறுத்தினான். அறைக்குள் கேட்டது ரப்பர் தட்டுகிற சத்தமும் கம்பியின் கிணுகிணுப்பும்தான். ஹெட்போனுக்குள் அது ஊரைக் கூட்டுகிற வாத்தியமாக இருந்தது.

அந்த இடம் வந்தது. அவள் நிறுத்தினாள். கிடார் மட்டும் தனியாக ஓடியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். மாரி இரண்டு குச்சிகளையும் இடது கையில் சேர்த்துப் பிடித்திருந்தாள். வலது கை அடிவயிற்றின் மேல் இருந்தது. கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் விரல் தானாகக் கம்பியை விட்டது. எட்டுத் தட்டு முடிந்தும் அவள் நுழையவில்லை. இருவரும் ஹெட்போனைக் கழற்றினார்கள். திரையில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே மைக் எதுவும் இல்லாததால் அவர்கள் பேசியது அதில் ஏறவில்லை.

"ஆனி மாசம், இந்த எடம் அடிக்கையிலதான் மொதத் தடவையா உள்ள அசைஞ்சது" என்றாள் மாரி. "அடிக்க முடியாம நிறுத்திட்டேன். நீங்க டூட்டியில இருந்தீக. வந்ததும் சொல்லலாம்னு வச்சிருந்தேன், அன்னைக்கு நீங்க டபுள் ஷிப்டு பாத்துட்டு வந்து அப்படியே விழுந்துட்டீக. பெறவு சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். அந்த எடத்த இனிமே யாரும் அடிக்கக் கூடாதுன்னுதான் விட்டேன். அதுல நீங்க என்னத்தையோ வெட்டிக் கொண்டாந்து ஒட்டி வச்சிருக்கீக."

நாயகம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரியில ஒருதரம் கேட்டேன். தூங்குன்னு சொல்லிட்டீக. இப்பக் கேக்கேன். என்ன பிள்ள?"

டாக்டர் மனதைத் தேற்றச் சொன்னார், ஆகவே சொல்லவில்லை என்று சொல்லலாம். உனக்குத் தாங்காது என்று நினைத்தேன் என்றும் சொல்லலாம். நாலு மாதமாக அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது அதுதான். அவள் எதிரே உட்கார்ந்திருந்தபோது அதில் ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை.

"பொம்பளப் பிள்ள."

மாரி குச்சிகளைக் கீழே வைத்தாள். "மொகம் எப்படி இருந்துச்சு?"

அவன் கிடாரை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

"சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன். யாரு சாடையா இருந்தா?"

"நான் பாக்கல மாரி." குரல் உடைந்தது. "நர்சு துணியில சுத்திக் குடுத்தாங்க. வாங்கக் கை வரல. பொன்னுரங்கம் அண்ணன்தான் வாங்கினாரு. மண்ணு போடையிலயும் நான் திரும்பி நின்னுக்கிட்டேன். எம்பிள்ள மொகத்த நான் பாக்கல."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எட்டு வருடமாக ஒரு கீறலைக்கூடப் பார்க்காமல் விடாத கண், பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் திருப்பிக்கொண்டது. அந்தக் கோழைத்தனத்தைத்தான் அவன் அவளிடமிருந்து இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்தான். அவளுக்காக மறைத்தேன் என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட பச்சை ஸ்டிக்கர்.

மாரி எழுந்தாள். அவன் தோளைத் தொட்டு, "வாங்க" என்றாள்.

கீழே பொன்னுரங்கம் தான் ஓட்டுகிற கம்பெனி வேனுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து படியிறங்கி வருவதைப் பார்த்து ஹோஸைக் கீழே போட்டுக் குழாயை மூடினார்.

"இன்னாம்மா, இன்னிக்கு ரெண்டு பேரும் வூட்லயா?"

"எம்பிள்ள மொகத்த நீங்க பாத்தீகளாண்ணே?"

பொன்னுரங்கம் நாயகத்தைப் பார்த்தார். நாயகம் தலையசைத்தான். பெரியவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தேம்மா. ஒருத்தருமே பார்க்காம எப்டிம்மா மண்ணுல வெக்கிறது? அதான் துணிய வெலக்கினு பார்த்தேன். உன்கிட்ட சொல்லாதீங்கன்னு உங்க வூட்டுக்காரரு கையப் புடிச்சிக்கினு கேட்டாரு. தெனிக்கும் நீ இப்டிக்கா போவ சொல்லோ எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும்."

"எப்படி இருந்துச்சுண்ணே?"

"தூங்கிக்கினு கீற மாதிரிதாம்மா இருந்துச்சு. இம்மாத்தூண்டு. கண்ணு ரெண்டும் மூடிக்கினு இருந்துச்சு. நெத்தி அப்டியே உன்னுது. மூக்கு அவுரது. கைய மூடி வெச்சிக்கினு இருந்துச்சு, இப்டி." தன் முரட்டு விரல்களை மடக்கிக் காட்டினார். "என் துண்டத்தான் மேல சுத்தினேன். நல்லபடியாத்தான் வெச்சோம்மா. ஏரிக்கரை ஓரமா, வேப்பமரம் ஒண்ணு கீது, அதுக்குக் கீழ."

மாரி வேன் படியில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, அடக்காமல் அழுதாள். அலமு உள்ளேயிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நாயகம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். மகளின் நெற்றியையும் மூக்கையும் பற்றி அவனும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான். அந்த மடக்கிய கையிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பொன்னுரங்கமும் விரல்களைப் பிரிக்காமலே நின்றார்.

வெகுநேரம் கழித்து மாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். எழுந்து இரண்டடி வைத்தவள் நின்று திரும்பினாள். "பெறவு வந்து இருபத்தெட்டுக்கு இன்னொரு டிக்கெட்டும் போடுங்க. எங்கம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். பொம்பளப் பிள்ள, நெத்தி மாரி மாதிரி, மூக்கு என்னைய மாதிரின்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்."

"சொல்லுதேன்" என்றான் நாயகம்.